ஜன்னத்து சொன்ன இருட்டு

"நீங்க பாத்துக்கிட்ட குழந்தையோட பேரன்ட் யாராவது ஒருத்தர் நம்பர் கொடுங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று நர்சரி பிரின்சிபல் லிஸி மேடம் கேட்டபோது ஃபஸ்னா யோசிக்கவே இல்லை. ஹிஃப்ஸாவின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். கணவன் சாகிரின் நம்பரைக்கூட அவள் போனைப் பார்த்துத்தான் சொல்வாள்.

முப்பத்திரண்டு வயதில் முதல் வேலை. கீழக்கரையிலிருந்து அபுதாபிக்கு வந்த நாளிலிருந்து அவள் விசாவில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றுதான் இருந்தது. ஒரே மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பகலில் கிடைத்த நேரத்தில் அஞ்சல் வழியில் நர்சரி டீச்சர் பயிற்சி படித்தாள். பரீட்சையும் எழுதினாள். "படிச்சு வச்சுக்க, எப்பவாச்சும் உதவும்" என்று சாகிர் சொன்னபோது அவன் குரலில் இருந்த எப்பவாச்சும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்போது அது வந்துவிட்டது. முசஃபா ஷாபியாவில், அவள் குடியிருந்த கட்டடத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் நர்சரி. உதவி ஆசிரியை வேலை. லிஸி மேடத்துக்கு அவளைப் பிடித்துவிட்டது. குழந்தைகளோடு ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த ஒரு பையன் ஃபஸ்னாவின் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி தூங்கிப்போனான்.

"ஒண்ணாம் தேதி சேர்ந்துடலாம்" என்றார் மேடம். பேரன்ட்டிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் ஆர்டர் ரெடி.

அந்தப் பேரன்ட்தான் ஹிஃப்ஸா. இருவருக்கும் கீழக்கரையில் ஒரே தெரு. ஹிஃப்ஸா மூன்று வயது இளையவள். ஃபஸ்னாவை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்த அக்காவைக்கூட இவ்வளவு வாய் நிறையக் கூப்பிட்டதில்லை என்று அவள் உம்மாவே சொல்வதுண்டு. ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். காலை ஏழு மணிக்கு டூட்டி. அவள் கணவன் ஹஸ்னைன் ஓமானில், சோஹார் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்டர் தாண்டிக் காரில் வந்து போவான். நாலாவது மாடியில் ஹிஃப்ஸா, இரண்டாவது மாடியில் ஃபஸ்னா. ஹிஃப்ஸாவின் மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் எட்டு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து பகல் முழுவதும் ஃபஸ்னா வீட்டில்தான். இப்போது நாலு வயது. ஜன்னத்து என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். முழுப் பெயரைச் சொன்னால் யாரோ வேறு பிள்ளை என்று இருந்துவிடுவாள்.

வேலை விஷயத்தை ஃபஸ்னா அன்று சாயங்காலமே சொன்னாள். ஹிஃப்ஸா மாஷா அல்லாஹ் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு கையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப ஜன்னத்து?"

"அத நான் பாத்துக்கிறேன். நீ கவலப்படாத."

அது ஆறுதல் வார்த்தை இல்லை. இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும்போதே ஃபஸ்னா கேட்டுவிட்டாள். ஸ்டாஃப் தங்கள் பிள்ளை ஒன்றைக் கூட்டி வரலாம் என்று அங்கே ஒரு சலுகை. தன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், அந்த இடத்தைத் தன் தங்கை மகளுக்குத் தர முடியுமா என்று கேட்டாள். தங்கை என்றே சொன்னாள். லிஸி மேடம் சிரித்து, ஆர்டர் வாங்கும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்றார். ஆர்டர் கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று ஃபஸ்னா வாயை மூடிக்கொண்டாள். நடக்காத ஒன்றைச் சொல்லி ஆசை காட்டுவது அவளுக்கு வழக்கமில்லை.

*

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லிஸி மேடம் போன் செய்தார். ஜன்னத்து ஹாலில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஃபஸ்னா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

மேடம் முதலில் உடம்பு சௌக்கியமா என்றார். பிறகு மழை வரும் போலிருக்கிறது என்றார். அபுதாபியில் ஒருவர் மழையைப் பற்றிப் பேசினால் ஏதோ சொல்லத் தயங்குகிறார் என்று அர்த்தம். இந்த முறை எடுக்க முடியவில்லை, உங்கள் ஃபைல் எங்களிடம் இருக்கட்டும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

என்ன காரணம் என்று கேட்டாள். காரணம் சொல்வது வழக்கமில்லை என்றார் மேடம். ஃபஸ்னா விடவில்லை. என்னிடம் குறை இருந்தால் நான் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டாள். 

"நேத்து அந்தப் பேரன்ட் கூடப் பேசினேன். ஃபஸ்னா, அந்தக் குழந்தைய நீங்க இருட்டுல தனியா விட்டீங்களா?"

"என்ன மேடம்?"

"குழந்தை சொல்லியிருக்கா. பெரியம்மா என்னை இருட்டுல விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு."

அப்படி எதுவும் இல்லவே இல்லை என்றாள் ஃபஸ்னா. மேடத்தின் குரல் இன்னும் மென்மையானது. கெட்டதைச் சொல்லப் போகிற மென்மை. இது கரண்ட் போகிற ஊர் இல்லையே, பட்டப்பகலில் ஒரு ஃப்ளாட்டுக்குள் இருட்டு என்றால் பாத்ரூம்தானே, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டார். சத்தியமா இல்லை மேடம் என்று மட்டும் ஃபஸ்னா சொன்னாள். மேடம் வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் தவறு இல்லை என்பதுதான் கொடுமை. ஊரில் ஒரு பிள்ளை இருட்டு என்று சொன்னால் கரண்ட் போயிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். இங்கே கரண்ட் போகாது. ஹாலில் பெரிய ஜன்னல். அடுப்படியில் எந்நேரமும் லைட். பாத்ரூமுக்கு மட்டும் ஜன்னல் கிடையாது, சுவிட்சும் கதவுக்கு வெளியே. உள்ளே ஒரு பிள்ளை இருட்டில் இருந்தால் வெளியே ஒரு கை அந்த சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். இந்த நாட்டில் குடியிருக்கிற யாரும் அதைத்தான் நினைப்பார்கள்.

மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சாகிர் சாப்பிட வந்தான். முசஃபாவில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் சோற்றில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தான். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"நீ கோவத்துல எப்பவாச்சும் பாத்ரூம்ல... சும்மா ஒரு நிமிஷம்..."

"என்னது?"

"இல்ல, இங்க கரண்ட் போகாதுல்ல. அதான் கேட்டேன்."

 அவள் குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனாள். பின்னாலேயே வந்தவன், தான் சும்மா கேட்டதாகச் சொன்னான். கடைக்குத் திரும்பும்போது கதவருகே நின்று இன்னொரு தடவை சொன்னான். கூடவே வாழ்கிறவனுக்கு அதைச் சும்மாகூடக் கேட்கத் தோன்றியது என்பதுதான் அவள் நெஞ்சில் நின்றது.

*

ஜன்னத்துவைத் திட்டக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஃபஸ்னா தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை இப்போது பிளாஸ்டிக் டப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

"ஜன்னத்து, உம்மாகிட்ட டார்க்குன்னு சொன்னியாமே. டார்க் எங்கம்மா இருந்துச்சு?"

"இங்கதான்."

"இங்கன்னா? பாத்ரூம்லயா?"

"நோ. இங்க." ஹாலின் நடுவில், ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் காலால் தட்டிக் காட்டினாள். பெரியம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற சலிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"எனக்குக் காட்டு பாப்போம்."

ஜன்னத்து ஓடிப்போய் சோபாவிலிருந்து ஒரு குஷனை எடுத்தாள். ஹாலின் நடுவில் வந்து நின்று அதை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டாள். மஞ்சள் கவுன் தெரிந்தது. வயிறு தெரிந்தது. ஒரு காலில் மட்டும் போட்டிருந்த சாக்ஸ் தெரிந்தது. குஷனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இப்ப டார்க். பெரிம்மாவுக்கு ஜன்னத்து தெரியாது."

ஃபஸ்னாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போன வாரம் ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு. ஜன்னத்து இப்படித்தான் குஷனோடு நடு ஹாலில் ஒளிந்தாள். ஃபஸ்னாவும் பிள்ளைக்காக நடித்தாள். ஜன்னத்து எங்கே, ஃப்ரிட்ஜுக்குள்ளே இல்லையே, செருப்பு அலமாரியில் இல்லையே என்று தேடிக்கொண்டே போனாள். அப்போது குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்து, பருப்பைக் கடைந்து, தாளித்துவிட்டுத் திரும்பியபோது ஜன்னத்து அதே இடத்தில் குஷனோடு நின்றிருந்தாள். எடுத்தபோது முகம் வியர்த்து, கண் கலங்கியிருந்தது. அணைத்து முத்தம் கொடுத்து ஒரு கேக் துண்டு கொடுத்ததும் சரியாகிவிட்டது. அதை ஃபஸ்னா மறந்தே போனாள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அவளுக்கு இருட்டாக இருந்தது. அதனால் உலகத்துக்கே இருட்டு. பெரியம்மா தேடினாள், கிடைக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குஷனுக்குள்ளிருந்து பார்த்தால் நடந்தது அதுதான். தனக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரியும், தனக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாது என்று நம்புகிற வயது. பரீட்சையில் இதற்கு ஃபஸ்னா இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.  ஹிஃப்ஸா வந்ததும் ஜன்னத்துவை இதே மாதிரி நிற்க வைத்துக் காட்ட வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பாள். உடனே லிஸி மேடத்துக்குப் போன் போடச் சொல்லலாம். பாவம், எந்த உம்மாதான் பயப்பட மாட்டாள்? என்னிடம் கேட்கச் சங்கடப்பட்டிருப்பாள். ஹிஃப்ஸாவின் பக்கத்து நியாயத்தை எல்லாம் ஃபஸ்னாவே எடுத்து அடுக்கி, அவளை மன்னித்தும் விட்டாள்.

"பெரிம்மா, தேடுங்க" என்றது குஷன்.

"ஜன்னத்து எங்க? காணோமே" என்று எழுந்தாள் ஃபஸ்னா.

"வாப்பா மாதிரி தேடுங்க. வாப்பா கர்ட்டன் பின்னால தேடுனாங்க. உம்மாவும் தேடுனாங்க."

ஃபஸ்னா நின்றாள். "உம்மாவுமா?"

"ம்."

"எப்பம்மா?"

குஷன் இறங்கியது. மறுபடியும் அதே சலிப்பு. "வாப்பா வந்தாங்கள்ல. பலூன் வாங்குனாங்கள்ல. நான் உம்மாவுக்கு டார்க்க காட்டுனேன்ல. உம்மா, அட இதுதானா டார்க்குன்னாங்க. அப்பறம் சிரிச்சாங்க. வாப்பாவும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." பெரியம்மாவும் அங்கே இருந்தது போலவே பேசினாள். தனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை.

ஹஸ்னைன் வந்தது போன வெள்ளிக்கிழமை. பலூனை ஃபஸ்னாவும் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை ஹிஃப்ஸா வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தாள். ஊதா நிற பலூன், நடு ஹாலில் குஷனுக்குப் பின்னால் ஜன்னத்து, திரைச்சீலையை விலக்கி விலக்கித் தேடுகிற ஹஸ்னைன், போனைப் பிடித்திருந்த ஹிஃப்ஸாவின் சிரிப்புச் சத்தம். அதற்கு ஃபஸ்னா மூன்று இதயங்கள் அனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமையே ஹிஃப்ஸாவுக்குத் தெரியும். லிஸி மேடம் அவளிடம் பேசியது திங்கட்கிழமை.

ஃபஸ்னா சோபாவில் உட்கார்ந்தாள். ஜன்னத்து மறுபடியும் குஷனுக்குள் போய், இன்னும் யாரும் தேடவில்லையே என்று இரண்டு முறை நினைவூட்டினாள்.

*

நாலரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஃபஸ்னாவின் மகள் பள்ளியிலிருந்து வந்து உள் அறையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். ஹிஃப்ஸா கிளினிக் யூனிஃபார்மோடு உள்ளே வந்தாள். வழியில் பக்காலா மளிகைக்கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து மகள் கையில் கொடுத்தாள். தினமும் இந்த நேரத்துக்கு டீ ரெடியாக இருக்கும். இன்று இல்லை. அதை அவள் கவனித்தாள், கேட்கவில்லை.

"உக்காரு ஹிஃப்ஸா."

"இல்ல லாத்தா, துணி மெஷின்ல கெடக்கு."

"நர்சரியிலேர்ந்து போன் வந்துச்சு."

ஹிஃப்ஸா குனிந்து மகளின் ஷூவைத் தேட ஆரம்பித்தாள். ஷூ எதிரிலேயே இருந்தது. "அப்படியா? என்னா சொன்னாங்க?"

"இல்லேன்னுட்டாங்க."

"போவட்டும் விடு லாத்தா. அது ஒண்ணும் அவ்வளவு நல்ல நர்சரியும் இல்லயாம். கிளினிக்குக்கு வர்ற ஒருத்தங்க சொன்னாங்க."

ஆறுதல் ரொம்பச் சீக்கிரம் வந்தது. முன்பே மடித்துத் தயாராக வைத்திருந்தது போல.

"நீ அவங்ககிட்ட என்னா சொன்னே?"

"நானா?" ஹிஃப்ஸா நிமிர்ந்தாள். "புள்ள எப்பவாச்சும் எதுவும் சொல்லியிருக்காளான்னு கேட்டாங்க. அவ சொன்னத சொன்னேன். ஒரு தடவ டார்க்ல விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னான்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"அந்த டார்க் எதுன்னு சொன்னியா?"

 ஜன்னத்து சிப்ஸைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"அவங்க கேக்கல" என்றாள் ஹிஃப்ஸா.

"சனிக்கிழமையே உனக்குத் தெரியும். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சே. நான் இதயம் அனுப்பினேன்."

ஹிஃப்ஸாவின் முகம் முதலில் சிவந்தது. பிறகு அவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசினாள். புருஷன் சோஹாரில், ஒத்தையில் கிடக்கிறேன், ஏழு மணிக்கு டூட்டிக்கு நிற்காவிட்டால் சூப்பர்வைசர் மெமோ கொடுக்கிறாள், முகம் தெரியாத ஆளிடம் பிள்ளையை விட்டுவிட்டு நான் எப்படி அங்கே உட்கார்ந்திருப்பேன், மூணாவது மாடி ரஹீமா மாமியிடம் விட்டால் பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு அவர் தூங்கிவிடுவார். சொல்லச் சொல்ல அவள் குரல் தெளிவானது. தன் கஷ்டத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவளின் தெளிவு.

"போவாத லாத்தான்னு எங்கிட்ட கேட்டிருக்கலாமே ஹிஃப்ஸா."

"கேட்டா நீ நின்னிருப்பே. அது எனக்குத் தெரியும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பறம் காலத்துக்கும் என்னாலதான் நின்னேன்னு இருக்கும்ல. அத நான் எப்படிச் சுமப்பேன்? இப்படின்னா அவங்களே வேணாம்னுட்டாங்க. யார் மேலயும் கொற இல்ல."

"என் மேல?"

"உனக்கு என்னா கொற? யாருக்குத் தெரியப் போவுது? உனக்கும் இது நல்லதுதானே லாத்தா. வீட்டோட இருக்கலாம். சாகிர் மச்சானுக்கு நேரத்துக்குச் சோறு. ஒம் மவ வரும்போது நீ இருப்பே."

ஃபஸ்னா அவள் முகத்தையே பார்த்தாள். அதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தனக்கு எது சௌகரியமோ அது எல்லோருக்கும் சௌகரியம் என்று ஹிஃப்ஸா மனதார நம்பினாள். சாகிர் சோற்றில் கையை வைத்தபடி பார்த்த பார்வை, லிஸி மேடத்தின் மென்மையான குரல், பிள்ளையைப் பாத்ரூமில் அடைக்கிறவள் என்று ஒரு ஃபைலில் தன் பெயர் இருப்பது, இதில் எதுவுமே அவள் கண்ணில் படவில்லை.

"போன் போடு" என்றாள் ஃபஸ்னா.

"யாருக்கு?"

"லிஸி மேடத்துக்கு. ஸ்பீக்கர்ல போடு. நடந்தத சொல்லு."

"இப்ப சொன்னா நான் பொய் சொன்னேன்னு நெனக்க மாட்டாங்களா? என் பேரு என்னாவும்?"

ஃபஸ்னா தன் போனை நீட்டினாள். ஹிஃப்ஸா அதை வாங்கவில்லை. தன் கைப்பையிலிருந்து தன் போனையே எடுத்து, நேற்று வந்த அழைப்பைத் தேடி அழுத்தினாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். சின்னத் தப்பபிப்பிராயம், குழந்தை விளையாட்டில் முகத்தை மூடிக்கொண்டதைத்தான் இருட்டு என்று சொல்லியிருக்கிறாள், எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்றாள். இப்போதுதான் என்ற இடத்தில் ஃபஸ்னாவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

 அல்லேலூயா, மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது, ஃபஸ்னா அப்படிப்பட்டவர் இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது என்றார் லிஸி மேடம். ஆனால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே வேறொரு பெண் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வருடம் இடம் வந்தால் பார்க்கலாம். ஃபஸ்னாவிடம் நான் ரொம்ப வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

வேறொரு பெண் என்ற வார்த்தை வந்தபோது ஹிஃப்ஸாவின் தோள்கள் இறங்கின. பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அவள் அதை உடனே மறைத்து முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள். அதற்குள் ஃபஸ்னா பார்த்துவிட்டாள். காலையிலிருந்து கேட்ட எந்தச் சொல்லையும்விட அந்த மூச்சுதான் அவளை அறுத்தது.

"சொல்லிட்டேன் லாத்தா. இப்ப சரிதானே?" ஹிஃப்ஸா போனைக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள். எழுந்து, கண்ணைத் துடைத்து, மகளுக்கு ஷூவை மாட்டினாள். "நாளைக்கு எப்பவும் போல ஆறே முக்காலுக்குக் கொண்டு வரவா? கொஞ்சம் முன்னாடியே வந்தா உனக்குத் தொந்தரவா இருக்குமா?"

"கொண்டு வராத."

"நாளைக்கு வேணாமா? சரி, நாளைக்கு லீவு சொல்லிக்கிறேன். நீ ரெஸ்ட் எடு."

"நாளைக்கு இல்ல ஹிஃப்ஸா. இனிமே."

ஹிஃப்ஸா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "கோவத்துல பேசாத லாத்தா. புள்ள மேல எதுக்குக் கோவத்தக் காட்டுறே?"

"புள்ள மேல எனக்கு என்னா கோவம்? அவளுக்கு நாலு வயசு."

 ஃபஸ்னா அலமாரியைத் திறந்து ஜன்னத்துவின் மாற்றுத் துணிகள், சின்னத் தலையணை, காது பிடி வைத்த கப், பாதி தீர்ந்த காய்ச்சல் மருந்து எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டாள். நர்சரியில் ஜன்னத்துவுக்கும் ஓர் இடம் கேட்டு வைத்திருந்ததைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் ஹிஃப்ஸா உடைந்து அழுவாள். அழுதால் தானே உட்கார்ந்து அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். இந்த மூன்று வருடப் பழக்கம் அப்படி. அந்தப் பழக்கத்தை இன்றைக்கு விட வேண்டும்.

பையை நீட்டினாள். ஹிஃப்ஸா அதை வாங்கி, ஒரு வார்த்தைக்காக நின்று பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

கதவைச் சாத்தப் போன ஃபஸ்னாவால் முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. ஜன்னத்து திரும்பிப் பார்த்தாள். உம்மாவின் கையை உதறிவிட்டு வராந்தாவில் ஓடி வந்தாள்.

"அழாதீங்க பெரிம்மா. நான் நாளைக்கு வந்துருவேன்."

பெரியம்மா அழுவதற்கு ஜன்னத்து வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஃபஸ்னா முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஜன்னத்து கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, உடையாத ஒன்றைத் தேடி எடுத்து அவள் வாயருகே நீட்டினாள். தான் அழும்போது இதுதான் வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

ஃபஸ்னா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

"சரியாயிருச்சா?"

"ஆயிருச்சும்மா."

ஜன்னத்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இன்னும் வந்துகொண்டிருந்தது. சிப்ஸ் தின்ற பிறகும் எப்படி ஒருவர் அழ முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. பாக்கெட்டை எட்டிப் பார்த்தாள், மிச்சத்தையும் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். லிஃப்ட் வந்து நின்றது. ஹிஃப்ஸா உள்ளே போய்க் கதவு மூடாமல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். ஜன்னத்து பாக்கெட்டை அப்படியே ஃபஸ்னாவின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

லிஃப்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. பெரிம்மாவுக்கு நாளைக்கு வேற ஒண்ணு வாங்கணும் என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹிஃப்ஸா என்ன பதில் சொன்னாள் என்று ஃபஸ்னாவுக்குக் கேட்கவில்லை. அதற்குள் லிஃப்ட் மேலே போய்விட்டது.